இளம்பிள்ளைப் புடவைக் கடைக்கு வெப்சைட்: புதிதாக எழுதுவதா, ரெடிமேட் எடுப்பதா?

தறிக்காரர்:

வணக்கம். சேலம் பக்கம் இளம்பிள்ளையில் எங்களுக்குப் புடவை வியாபாரம். கடைக்கு வந்து வாங்குகிறவர்கள் ஒரு பக்கம், வாட்ஸ்ஆப் ரீசெல்லர்கள் இன்னொரு பக்கம். காலையில் குரூப்பில் போட்டோ போடுவோம். அவர்கள் தங்கள் மார்ஜினை ஏற்றித் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு அனுப்புவார்கள். ஆர்டர் பிடித்ததும் முகவரி எங்களுக்கு வரும். பார்சல் எங்கள் கடையிலிருந்துதான் போகும், ஆனால் ஃப்ரம் அட்ரஸில் ரீசெல்லர் பெயர் இருக்க வேண்டும். எங்கள் விலை வாடிக்கையாளருக்குத் தெரியக் கூடாது.

இப்போது வெப்சைட் போடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். ஒரு டீம் எல்லாவற்றையும் எங்களுக்கென்றே எழுதித் தருவதாகச் சொல்லி நாலரை லட்சம் கேட்கிறது, வருடப் பராமரிப்பு தனி. என் மச்சான், ரெடிமேட் கடை மென்பொருளான ஷாப்பிஃபையை மாத வாடகைக்கு எடுத்தால் போதும் என்கிறார். தீபாவளி விற்பனைக்கு முன்னால் ஓட வேண்டும். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

காரைக்குடிக் கூடை:

தம்பி, யோசிக்கவே வேண்டாம், ரெடிமேட் எடுங்கள். நான் பின்னல் கூடை விற்கிறேன், வூகாமர்ஸில் ஓடுகிறது. அதுவும் ரெடிமேட் கடை மென்பொருள்தான், நம் சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம். கடை என்றால் படம், விலை, 'வாங்கு' பட்டன் என்றுதான் வெளியில் தெரியும். உள்ளே இருக்கிற வேலை வேறு. பின்கோடு பார்த்துக் கூரியர் கட்டணம், பாதிப் பணம் திருப்பித் தருவது, ஒரே ஆர்டரில் ஒரு பொருளை மட்டும் ரத்து செய்வது, பணம் போய் ஆர்டர் விழாமல் நிற்பது, வாடிக்கையாளர் முகவரியைத் தப்பாக அடித்துவிட்டு மறுநாள் போன் செய்வது. இவை எல்லாம் ரெடிமேட் மென்பொருளில் எத்தனையோ ஆயிரம் கடைகள் அடிபட்டு அடிபட்டுச் சரியானவை. நீங்கள் கொடுக்கும் நாலரை லட்சத்தில் பெரும்பகுதி இதையெல்லாம் மறுபடி முதலிலிருந்து எழுதத்தான் போகும். வீட்டுக் கல்யாணத்துக்குப் புடவை வேண்டும் என்று யாராவது தறி வாங்கிப் போடுவார்களா?

நிரலன்:

அக்கா, அவர் புடவை கட்டுகிறவர் இல்லை, விற்கிறவர். அவர் எழுதியதை இன்னொரு தடவை படியுங்கள். ரீசெல்லருக்கு ஒரு விலை, நேர் வாடிக்கையாளருக்கு ஒரு விலை, ஒவ்வொரு பார்சலிலும் வேறு வேறு ஃப்ரம் அட்ரஸ். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அவருடைய வியாபாரம். ஷாப்பிஃபையை எடுத்த உடனே இது கிடைக்காது. விலைக்கு ஒரு ஆப், லேபிளுக்கு ஒரு ஆப், ரீசெல்லர் கணக்குக்கு ஒரு ஆப் என்று ஒவ்வொன்றுக்கும் தனி மாத வாடகை. அந்த ஆப்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார், நடுவில் நிற்பது கடைக்காரர்.

வாடகைக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். ஷாப்பிஃபையின் சொந்தப் பேமென்ட் சேவை இந்தியாவில் இல்லை. ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் வெளி நிறுவனத்தை, அதாவது வெளி கேட்வேயைத்தான் வைக்க வேண்டும். அப்படி வைத்தால் அடிப்படைத் திட்டத்தில் ஆன்லைனில் பணம் வரும் ஒவ்வொரு விற்பனையிலும் 2 சதவீதம் ஷாப்பிஃபைக்குப் போகும், கேட்வே எடுப்பது தனி. மாதம் ஆறு லட்சத்துக்கு ஓடினால் அதுவே 12,000 ரூபாய், வருடத்துக்கு 1,44,000. கேஷ் ஆன் டெலிவரிக்கு இந்தப் பிடித்தம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம் ஊரில் இப்போது பாதிப் பேர் யுபிஐ. 2020 ஜனவரியிலிருந்து யுபிஐக்கு எம்டிஆர், அதாவது வியாபாரியிடம் பிடிக்கும் கட்டணம், பூஜ்யம் என்று அரசு வைத்திருக்கிறது. அந்தப் பணத்திலும் 2 சதவீதம் எதற்குப் போக வேண்டும்?

இன்னொன்று. ஷாப்பிஃபை எப்படிப் பிறந்தது? டோபியாஸ் லுட்கே 2004இல் கனடாவில் ஸ்னோபோர்டு விற்க ஒரு இணையக் கடை போட்டார். அன்றைக்குக் கிடைத்த எந்த ரெடிமேட் மென்பொருளும் சரிப்படவில்லை. தானே எழுதினார். அதைத்தான் 2006இல் மற்றவர்களுக்கும் திறந்துவிட்டார். அவர் அன்று கிடைத்தது போதும் என்று இருந்திருந்தால் இன்று நீங்கள் வாடகைக்கு எடுக்கச் சொல்லும் பொருளே இல்லை.

காரைக்குடிக் கூடை:

லுட்கே ஒரு புரோகிராமர். தம்பி தறிக்காரர். அந்தக் கதையின் மீதியையும் சொல்லுங்கள்: அதன் பிறகு லுட்கே ஸ்னோபோர்டு விற்கவில்லை, மென்பொருள் விற்றார். தம்பிக்கு மென்பொருள் கம்பெனி நடத்த ஆசையா, புடவை விற்க ஆசையா?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2025இல் ஜிஎஸ்டி மாறியது நினைவிருக்கும். செப்டம்பர் 3 அன்று அறிவித்தார்கள், 22இல் அமலுக்கு வந்தது. கூடையோடு என் தங்கை தைக்கும் குர்த்தியையும் விற்கிறேன். தைத்த துணிக்கு அதுவரை 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12. அன்றிலிருந்து 2,500 வரை 5, அதற்கு மேல் 18. செட்டிங்கில் வரி வகுப்பை மாற்றி, பொருட்களை மறுபடி பிரித்துப் போட ஒரு சாயங்காலம் ஆனது. எனக்குத் தெரிந்த ஒரு துணிக்கடை தனியாக எழுதி வாங்கிய மென்பொருள் வைத்திருந்தது. அதில் 1,000 என்ற எண்ணை நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். எழுதிய பையன் வேறு வேலைக்குப் போய்விட்டான். நவராத்திரி விற்பனை நேரத்தில் அந்தக் கடைக்காரர் பில்லைக் கையால் எழுதிக்கொண்டிருந்தார்.

நிரலன்:

வரி விகிதத்தை நிரலுக்குள் வைப்பது மோசமான வேலை, அதில் இரண்டு பேச்சில்லை. மோசமாகத் தைத்ததற்காகத் தையலே வேண்டாம் என்பீர்களா? ரெடிமேட் மட்டும் சாகாதா? மஜென்டோ என்ற ரெடிமேட் கடை மென்பொருள் 2008இல் வந்தது, உலகம் முழுக்கக் கடைகள் அதை நம்பின. 2020 ஜூன் 30ஓடு முதல் பதிப்புக்கு ஆதரவு நின்றது. இரண்டாம் பதிப்புக்குப் போகலாம் என்றால் கடையின் தோற்றம் (தீம்), கூடுதல் வசதிகள் (எக்ஸ்டென்ஷன்) எல்லாம் திரும்ப எழுத வேண்டும். ரெடிமேட் வாங்கினவர்கள் அன்றைக்குப் புதிதாகக் கட்டுகிற செலவைத்தான் செய்தார்கள்.

நள்ளிரவு அட்மின்:

மஜென்டோ பேச்சு வந்ததால் சொல்கிறேன். ஆதரவு நின்ற மூன்றாவது மாதம், அதே 2020 செப்டம்பரில், ஒரு வாரக் கடைசியில் ஏறக்குறைய 2,000 மஜென்டோ கடைகளில் புகுந்து, பணம் கட்டும் பக்கத்திலேயே வங்கி அட்டை விவரத்தைத் திருடும் நிரலைச் செருகினார்கள். பெரும்பாலும் ஆதரவு நின்ற முதல் பதிப்புக் கடைகள்தான். அதே ரெடிமேட் உலகில் இன்னொரு பக்கமும் உண்டு. 2021 ஜூலையில் வூகாமர்ஸில் பெரிய ஓட்டை ஒன்று தெரிந்ததும், அவர்களே தானியங்கி அப்டேட்டை எல்லாக் கடைகளுக்கும் தள்ளினார்கள். கடைக்காரர் தூங்கிக்கொண்டிருந்தபோதே பலருக்கு அது அடைபட்டது. நாலரை லட்சத்துக்கு எழுதித் தரும் டீமில், ராத்திரி இரண்டு மணிக்கு அந்த வேலையைச் செய்யப் போகிறவர் யார்? நிரலன் இதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும்.

நிரலன்:

நேராகவே சொல்கிறேன். அட்டை விவரம் கடையின் சர்வருக்கு வரவே கூடாது. 2022 அக்டோபர் 1 முதல் கடைக்காரர் அட்டை எண்ணைச் சேமிப்பதற்கு ரிசர்வ் வங்கி தடையே போட்டுவிட்டது. பணம் கட்டும் பக்கம் கேட்வேயின் பக்கம், நம் நிரல் அதைத் தொடுவதே இல்லை. மற்றதற்குப் பராமரிப்பு ஒப்பந்தம். ராத்திரி இரண்டு மணிக்கு ஆள் வேண்டும் என்றால் அதற்குப் பணம் ஆகும். மறைக்கவில்லை.

தறிக்காரர்:

எல்லோருக்கும் நன்றி. ஒரு விஷயம் முதலில் சொல்ல விட்டுப்போனது. எங்களிடம் பல டிசைன்களில் ஒரு புடவைதான் இருக்கும். அதே கலர், அதே பார்டர் மறுபடி வராது. இப்போது வாட்ஸ்ஆப்பிலேயே ஒரே புடவைக்கு மூன்று ரீசெல்லர்கள் வாடிக்கையாளரிடம் பணம் வாங்கிவிட்டு வந்து நிற்கிறார்கள். சண்டை, மனஸ்தாபம். இதற்கு எது சரிப்படும்?

நள்ளிரவு அட்மின்:

முக்கியமான கேள்வி. வூகாமர்ஸில் ஸ்டாக் செட்டிங்கில் 'ஹோல்ட் ஸ்டாக்' என்று நிமிடக் கணக்கில் ஒன்று இருக்கும். எதுவும் மாற்றாவிட்டால் 60 நிமிடம். ஒருவர் ஆர்டர் போட்டுவிட்டு யுபிஐ பக்கத்தில் பணம் கட்டாமல் போனை வைத்துவிட்டால், அந்த ஒற்றைப் புடவை ஒரு மணி நேரம் யாருக்கும் கிடைக்காது. அதைப் பத்து நிமிடமாகக் குறைத்தால் வேறு சிக்கல்: வங்கியில் பணம் பிடித்தாகிவிட்டது, தகவல் பதினைந்தாவது நிமிடம் வருகிறது, அதற்குள் ஆர்டர் ரத்தாகிப் புடவை இன்னொருவருக்குப் போயிருக்கும். ஷாப்பிஃபையானாலும் தனியாக எழுதினாலும் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

ஆனால் தறிக்காரரே, உங்கள் சிக்கல் வெப்சைட்டில் இல்லை. ஒரே புடவை கடை அலமாரியிலும் இருக்கிறது, வாட்ஸ்ஆப் போட்டோவிலும் இருக்கிறது, நாளை வெப்சைட்டிலும் இருக்கப் போகிறது. கடையில் ஒரு அம்மா அதை எடுத்துப் பணம் கொடுத்துவிட்டுப் போகும்போது, கல்லாவில் இருப்பவர் அந்த நிமிடமே அதை விற்றதாகப் பதிவு செய்யாவிட்டால், கோடி ரூபாய் மென்பொருளும் அதை இருப்பதாகத்தான் காட்டும். முதலில் ஒவ்வொரு புடவைக்கும் பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். விற்றதும் ஸ்கேன் செய்கிற பழக்கம் கடையில் வரட்டும். அது வராமல் எதையும் வாங்காதீர்கள்.

கணக்கர் (ஈரோடு):

மென்பொருள் சண்டையில் நான் இல்லை, ஆனால் வரியில் ஒரு இடம் இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை.

புடவை தைத்த துணி இல்லை, அதனால் அந்த 2,500 ரூபாய் எல்லை அதற்கு வராது, விலை எவ்வளவானாலும் 5 சதவீதம். கவனிக்க வேண்டியது எந்த மாநிலத்து வரி என்பது. நேர் வாடிக்கையாளர் பெங்களூரில் இருக்கிறார், ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் என்றால், பார்சல் போய்ச் சேரும் முகவரியைத்தான் பார்க்க வேண்டும். பில் முகவரி வேறாக இருந்தாலும் அப்படித்தான் என்று 2024 ஜூனில் சுற்றறிக்கையே வந்தது. ஆகவே வெளி மாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டி. ஆனால் அதே பெங்களூர் வீட்டுக்கு, கோயம்புத்தூரில் ஜிஎஸ்டி பதிவு உள்ள ஒரு ரீசெல்லர் சொல்லி அனுப்புகிறீர்கள், பில் அவர் பேருக்கு என்றால், சட்டப்படி சரக்கை அவர்தான் பெற்றதாகக் கணக்கு. அவர் தமிழ்நாடு, நீங்களும் தமிழ்நாடு. பார்சல் கர்நாடகா போனாலும் உள்மாநில விற்பனைக்கான சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி.

வூகாமர்ஸில் வரியை எந்த முகவரி வைத்துக் கணக்கிடுவது என்று ஒரே ஒரு செட்டிங்தான்: ஷிப்பிங், பில்லிங், கடை முகவரி. கடை முழுமைக்கும் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். உங்களுக்கு ஆள் வாரியாக மாற வேண்டும். பதிவில்லாத ரீசெல்லர்களுக்கு எப்படி பில் போடுவது என்பதை உங்கள் ஆடிட்டரோடு உட்கார்ந்து பேசிவிட்டு அப்புறம் மென்பொருள் தேடுங்கள்.

நிரலன்:

இதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன். நேர் வாடிக்கையாளர் வியாபாரம் எல்லோருக்கும் ஒன்று போலத்தான். ரீசெல்லர் வியாபாரம் அப்படி இல்லை, அதுதான் அவருக்கு வருமானம் தருகிறது.

காரைக்குடிக் கூடை:

சரி, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ரீசெல்லர் வழக்கம் இன்னும் காகிதத்தில்கூட எழுதப்படவில்லை. யாருக்கு என்ன விலை, புடவையை எத்தனை நேரம் பிடித்து வைக்கலாம், பணம் கட்டாமல் பிடித்து வைக்கிறவரை என்ன செய்வது, திரும்பி வந்த பார்சல் யார் தலையில்? இதற்கெல்லாம் இன்று பதில் தம்பியின் அப்பா மனதில் இருக்கிறது. எழுதப்படாத வழக்கத்துக்கு நிரல் எழுதச் சொன்னால் டீம் தானாக ஒன்றை ஊகித்து எழுதும். தீபாவளி சமயத்தில் அது தப்பு என்று தெரியும். தெரிந்து என்ன செய்வது? ஆகவே நேர் வாடிக்கையாளருக்கு மட்டும் இப்போது வூகாமர்ஸில் திறங்கள். அதில் 2 சதவீதப் பிடித்தமும் இல்லை, சர்வரும் தரவும் உங்கள் கையில். ரீசெல்லர்கள் இந்த சீசன் வாட்ஸ்ஆப்பிலேயே இருக்கட்டும்.

நிரலன்:

வாட்ஸ்ஆப்பிலேயே விட்டால் ஒரே புடவைக்கு மூன்று பேர் சண்டை அப்படியே இருக்கும். அவர் கேட்ட கேள்வியே அதுதான். குறைந்தது ரீசெல்லர் புடவையைப் பிடித்து வைக்க ஒரு சின்னப் பக்கம் வேண்டும். போன் நம்பர் போட்டு உள்ளே வருவார், ஸ்டாக் வூகாமர்ஸிலிருந்தே வரும், பிடித்து வைத்தால் மற்றவர்களுக்கு மறையும், லேபிளில் அவர் பெயர் அச்சாகும். அதற்கு நாலரை லட்சம் ஆகாது. அதை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

காரைக்குடிக் கூடை:

அதற்கும் என் கருத்து, தீபாவளிக்குப் பிறகு. சீசனுக்கு முந்தைய மாதம் புது நிரலை ஏற்றாதீர்கள்.

தறிக்காரர்:

அக்கா சொன்ன விதிகளை இன்று ராத்திரி அப்பாவோடு உட்கார்ந்து எழுதப் போகிறேன். பார்கோடு பிரிண்டர் நாளை ஆர்டர். நேர் விற்பனைக்கு வூகாமர்ஸ் என்று முடிவு செய்துவிட்டேன். ரீசெல்லர் பக்கத்துக்கு அதே டீமிடம் தனி விலை கேட்டிருக்கிறேன், எப்போது தொடங்குவது என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. பணம் நாங்கள் கொடுப்பதால் அந்த நிரல் எங்களுடையதுதானே?

கணக்கர் (ஈரோடு):

இல்லை. பலரும் ஏமாறும் இடம் இது. உங்களிடம் சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் எழுதினால் உரிமை உங்களுக்கு. வெளி டீம் எழுதினால், 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தில் மாற்றித் தராதவரை உரிமை அவர்களிடம்தான். மாற்றித் தரும்போதும் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எல்லையைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒப்பந்தத்தில் "முழுக் காலத்துக்கும், உலகம் முழுமைக்கும்" என்று எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட பிறகு முன்பணம் கொடுங்கள். டொமைன், சர்வர், கேட்வே கணக்கு மூன்றும் கடையின் பெயரில், கடையின் மெயிலில் இருக்க வேண்டும்.

நிரலன்:

இதில் கணக்கர் சார் பக்கம்தான் நானும். நான் எழுதித் தரும் எல்லா வேலையிலும் ஒப்பந்தத்தில் அந்த வாசகம் உண்டு. அவர்கள் போட மறுத்தால் இங்கேயே சொல்லுங்கள், போடுகிறவர்கள் சேலத்திலேயே இருக்கிறார்கள்.