பூவில்லாத ஆஸ்டரேசி மாதிரிகளை இலை உள்ளமைப்பைக் கொண்டு வகைப்படுத்த முடியுமா?

கேள்வி: சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த சில உலர்மாதிரிகளில் பூக்கள் உதிர்ந்துவிட்டன. இலைகளின் குறுக்குவெட்டையும் புறத்தோலையும் மட்டும் பார்த்து அவற்றின் பேரினத்தைக் கண்டறிய இயலுமா?

மறுமொழி 1: ஓரளவுக்கு இயலும். முதலில் தூவிகளை, அதாவது இலைப் பரப்பிலுள்ள நுண்மயிர்களைப் பாருங்கள். ஆர்ட்டிமிசியா (மாசிப்பத்திரி) பேரினத்தின் பல இனங்களில் குட்டையான காம்பின்மேல் இரு கைகளை நீட்டியதுபோன்ற 'டி' வடிவத் தூவிகள் இருக்கும். டாஜெட்டிஸ் (துலுக்கச் சாமந்தி) இலையை ஒளிக்கு எதிரே பிடித்தால், எண்ணெய்ச் சுரப்பிகள் ஒளிபுகும் புள்ளிகளாகத் தெரியும். அதற்கு நுண்ணோக்கிகூடத் தேவையில்லை. பால்குழாய்கள் தென்பட்டால் சிக்கரிச் செடி அடங்கிய சிக்கோரியே பிரிவை முதலில் நினைக்கலாம்.

மறுமொழி 2: இலைத்துளைகளின் அடர்த்தியையும் இலையின் தடிமனையும் நம்ப வேண்டாம், ஒரே செடியிலேயே வெயிலில் வளர்ந்த இலையும் நிழலில் வளர்ந்த இலையும் அவற்றில் வேறுபடுகின்றன. இலை நரம்புகளைச் சூழ்ந்த கற்றை உறைச் செல்கள் பெருத்துப் பசுங்கணிகங்கள் நிறைந்திருக்கும் கிரான்ஸ் அமைப்பு கவர்ச்சியான அடையாளம்தான், ஆனால் ஃபிளாவேரியா என்ற ஒரே பேரினத்தில் சி3, சி4 என்னும் ஒளிச்சேர்க்கை முறைகளைக் கொண்ட இனங்களோடு (கிரான்ஸ் அமைப்பு சி4 முறைக்கு உரியது) இடைநிலை இனங்களும் இருப்பதால், அது இனங்களைப் பிரிக்க உதவுமே தவிர, பேரினத்தை உறுதிசெய்யாது.

கேள்வி கேட்டவர்: நன்றி. தூவிகளிலிருந்தே தொடங்குகிறேன்.