வல்லை வெளிக் காத்துக்கு 48க்குப் பின்னால எத்தினை பல்லு?

கொக்குவில் பெடியன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நாலு மாசத்துக்கு முன்னம் யப்பானில இருந்து வந்த பாவிச்ச பிக்ஸ்ட் கியர் சைக்கிள் ஒண்டு வாங்கினனான். தெரியாத ஆக்களுக்கு: இதில பிறீவீல் இல்லை. சில்லு சுத்துற வரைக்கும் பெடலும் சுத்தும், காலைச் சும்மா வைச்சிருக்கேலாது. முன்னுக்கு 48 பல்லு, பின்னுக்கு 16. ரயர் 700×28, கிராங்க் (பெடல் பூட்டுற தண்டு) 170 மில்லிமீற்றர். வாங்கேக்க பிறேக்கே இல்லை, முன் பிறேக் நான்தான் பூட்டினது.

வேலை நெல்லியடியில. திருநெல்வேலி, கல்வியங்காடு, கோப்பாய், நீர்வேலி, புத்தூர், அச்சுவேலி, வல்லை எண்டு ஒரு 25 கிலோமீற்றர் வரும். கிழமையில மூண்டு நாள் சைக்கிள், மிச்ச நாள் பஸ். இப்ப சோழகக் காத்து (தென்மேல் காத்து) அடிக்கிற காலம். காலமை முதுகில பிடிச்சுத் தள்ளுது, சுகமாப் போயிடுவன். பின்னேரம் திரும்பி வல்லைப் பாலத்தில ஏறினோடன கதை முடிஞ்சுது. ரெண்டு பக்கமும் வெட்டை, மறைப்புக்கு ஒரு பனை கூட இல்லை. எழும்பி நிண்டு மிதிச்சாலும் போன் 18, 19 எண்டுதான் காட்டுது. இப்ப ரெண்டு கிழமையா இடது முழங்கால் சிரட்டைக்குக் கீழ நோகுது. படி இறங்கேக்க தெரியுது.

வித்த கடைக்காரர் சொன்னது, "யாழ்ப்பாணம் தட்டை நிலம்தானே தம்பி, மலையோ கிடக்கு? 48க்கு 16தான் சரி" எண்டு. சரியோ? இன்னொண்டு, நிமிசத்துக்கு 90 சுத்து மிதிக்கவேணும் எண்டு எல்லாரும் எழுதினம். நான் அந்த வெளியில 50 கூட மிதிக்கிறேல்லைப் போல கிடக்கு.

கோண்டாவில் செயின்:

மச்சான், 48/16 எண்டா சரியா மூண்டு. அதில கனக்கப் பேருக்குத் தெரியாத சிக்கல் ஒண்டிருக்கு. வேகம் குறைக்கப் பெடல் சுத்தாமக் காலைப் பூட்டிப் பின் சில்லை றோட்டில இழுக்கிறனியோ? இழுத்தா ஒவ்வொரு தரமும் ரயரின்ர அதே இடம்தான் றோட்டில தேயும், ஏனெண்டா பெடல் ஒரு சுத்துக்குச் சில்லு முழுசா மூண்டு சுத்து. ரயரைப் பார், ஒரு இடம் மட்டும் மொட்டையா இருக்கும். 48/17 போட்டா 17 இடத்தில பிரிஞ்சு தேயும். 48/18 எண்டா மூண்டு இடம்தான். நான் 46/17 ஓடுறன், ரயர் நல்லா உழைக்குது.

முழங்காலைப் பற்றி எனக்குத் தெரியாது, எனக்கு வேலை வீட்டுக்குப் பக்கத்தில.

மூளாய்க் குசும்பன்:

இவ்வளவு கணக்குப் பாக்கிற நேரத்துக்கு 750 பஸ்ஸில ஏறி இருந்து நித்திரை கொண்டு போகலாம்.

சந்திக்கடை:

தம்பி கொக்குவில், முதல்ல அந்த முழங்காலுக்கு ஒரு பத்து நாள் ஓய்வு குடும். பஸ்ஸில போம். பல்லு ஓடிப்போகாது.

நான் முப்பது வருசமா சைக்கிள் கழுவிப் பூட்டுறவன். உம்மட சைக்கிள் மாதிரி இதுவரைக்கும் ஒரு நாலைஞ்சுதான் கையில பட்டிருக்கு, ஆனாப் பல்லுக் கணக்கு எல்லாச் சைக்கிளுக்கும் ஒண்டுதான். உம்மட ரயர் ஒருக்காச் சுத்தினா 2 மீற்றரும் 14 சென்ரிமீற்றருமளவில போகும். அதை மூண்டால பெருக்கினா பெடல் ஒரு சுத்துக்கு 6.4 மீற்றர். அப்ப 19 கிலோமீற்றர் வேகத்தில நீர் மிதிக்கிறது நிமிசத்துக்கு ஐம்பதுக்குக் கிட்ட. நீர் சொன்னது சரி.

இப்ப பழைய றலிச் சைக்கிளைப் பாரும். கடையில ஒண்டு நிக்குது, இப்பதான் போய் எண்ணிப்போட்டு வாறன்: முன்னுக்கு 44, பின்னுக்கு 18. பெரிய 28 இஞ்சிச் சில்லு, அப்பிடியிருந்தும் ஒரு சுத்துக்கு 5.4 மீற்றர்தான் வருது. எங்கட அப்பாமார் உதில மூட்டையும் பிள்ளையளும் ஏத்திக்கொண்டு அதே வல்லை வெளியால போய் வந்தவை. அவைக்கும் தட்டை நிலம்தான். கடைக்காரர் நிலத்தைப் பாத்துச் சொல்லியிருக்கிறார், காத்தைப் பாக்கேல்லை.

காத்து 20இல அடிக்க நீர் 20இல எதிர்த்துப் போனா உடம்பில படுறது 40. எதிர்ப்பு அப்ப ரெண்டு மடங்கில்லை, நாலு மடங்கு. மலையெண்டாலும் ஏறினாப் பிறகு இறக்கம் வரும். வல்லையில அச்சுவேலிப் பக்க வீடுகள் வருமட்டும் ஏத்தம்தான். அதால நல்லாப் போற நேரத்துக்குப் பல்லுப் போடாதையும், ஏலாமப் போற அந்த மூண்டு நாலு கிலோமீற்றருக்குப் போடும். என்ர எண்ணம் 19. ஒரு சுத்துக்கு 5.4 மீற்றர் வரும், றலியின்ர கணக்குத்தான். அதே வேகத்துக்கு நிமிசத்துக்கு அறுபது மிதிப்பீர், ஒவ்வொரு மிதியிலயும் ஆறில ஒரு பங்கு பாரம் குறையும். முழங்கால் கேக்கிறதும் உதைத்தான்.

காலமை காத்து முதுகில தள்ளி 32இல போனீரெண்டா 16இல 83 சுத்து, 19இல நூறுக்குக் கிட்ட. கால் பறக்கும். அது பழகினாச் சரிவரும், சிரட்டை நோ பழகினாச் சரிவராது.

சீராச் சுத்துறதைப் பற்றி ஒண்டு சொல்லவேணும். தொண்ணூறுகளில கறண்டும் இல்லை, பற்றியும் இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவில இருந்து வயர் எடுத்து ரேடியோவுக்குக் குடுத்துச் செய்தி கேட்டனாங்கள். பெடலைக் கையால சுத்துறது என்ர வேலை, எனக்கு அப்ப பன்ரண்டு வயசு. மெதுவாச் சுத்தினாச் சத்தம் மங்கிப் போகும், பக்கத்து வீட்டுக் கிழவர் "டேய், சுத்தடா" எண்டு கத்துவார். வேகமாச் சுத்தினா ரேடியோ கருகிடும் எண்டு அப்பா கத்துவார். அரை மணித்தியாலம் ஒரே சீரா. கை எங்க தள்ளுது, எங்க சும்மா சில்லோட போகுது எண்டு அப்ப பிடிபட்டதுதான். உம்மட காலும் அப்பிடிப் போகவேணும். இப்ப நீர் மேலயிருந்து கீழ இடிக்கிறீர் எண்டு நினைக்கிறன், பாக்காமலே சொல்லுறன்.

அரியாலை நண்டு:

சந்திக்கடை அண்ணை, எனக்கும் ஆசையா இருக்கு. என்ர சாதாரண சைக்கிளின்ர பிறீவீலைக் கழட்டிப்போட்டு அந்தப் புரியிலயே பிக்ஸ்ட் பல்லை இறுக்கினாச் சரிதானே?

சந்திக்கடை:

வேண்டாம். பிக்ஸ்ட் ஹப்பில (சில்லின்ர நடுக் குடத்தில) பல்லு வலப்புரியில ஏறும், அதுக்கு வெளியால லொக் றிங் இடப்புரியில ஏறும். நீர் பின்னுக்கு அழுத்தேக்க பல்லு கழரப் பாக்கும், அதைப் பிடிக்கிறது லொக் றிங்தான். சாதாரண ஹப்பில அந்த இடப்புரி இல்லை. ஒரு பெடியன் பசை போட்டு ஒட்டினா நிக்கும் எண்டு செய்விச்சுக்கொண்டு போனவன். கொக்குவில் ரயில் கடவைக்குக் கிட்டக் காலைப் பூட்டப் பல்லு கழண்டு வந்திட்டுது. பிறேக்கும் இல்லை. வாய்ப் பல்லு ஒண்டுதான் போனது, அது அவன்ர அதிஷ்டம்.

ஸ்கார்பரோ கிழவன்:

நான் உரும்பிராய், இப்ப கனடாவில. இங்க வெலோட்ரோமில (சைக்கிள் பந்தய வட்டத்தில) கொஞ்ச நாள் ஓடினனான். அண்ணை சொன்னதோட ஒத்துப்போறன், ரெண்டு விசயம் மட்டும் சேர்க்கிறன்.

90, 100 எண்டு எழுதிறதெல்லாம் ஓட்டக்காரரின்ர கணக்கு. பெல்ஜியத்துப் பந்தய வீரர் எடி மேர்க்ஸ் 1972இல மெக்சிக்கோ நகரில ஒரு மணித்தியாலத்தில 49.431 கிலோமீற்றர் ஓடினது 52/14இல. கணக்குப் பாத்தா நிமிசத்துக்கு 104 சுத்து வரும். அவர் வல்லையில சாப்பாட்டுப் பெட்டியோட போகேல்லை. உமக்குக் காத்தில்லாத நேரம் 75, 85க்குள்ள நிண்டாப் போதும், எதிர்காத்தில 60க்குக் கீழ போகவிடாதையும். எண்ணுறதுக்கு ஒரு கருவியும் வேண்டாம்: வலது முழங்கால் மேல வாறதை 15 செக்கன் எண்ணி நாலால பெருக்கும். வேகமாச் சுத்தேக்கச் சீற்றில துள்ளுறீரெண்டா சீற் உயரம், ஒரு அஞ்சு மில்லிமீற்றர் பதிச்சுப் பாரும்.

மற்றது, உம்மட பின் சில்லின்ர இடது பக்கத்தைப் பாரும். அங்கயும் புரி இருக்கோ? ரெண்டு படியாப் புரி இருந்தா ஒரு பக்கம் 16ஐ விட்டிட்டு மற்றப் பக்கம் 19ஐப் போடும். சில்லைத் திருப்பிப் பூட்டினா மற்றக் கியர். டூர் டி பிரான்ஸில 1937இலதான் ஓடேக்கயே செயினைப் பல்லு மாத்துற டிறெய்லர் (derailleur) பாவிக்க விட்டவங்கள், அதுக்கு முன்னம் மலை அடிவாரத்தில இறங்கிச் சில்லைத் திருப்பித்தான் ஏறினவங்கள்.

கொக்குவில் பெடியன்:

அண்ணைமாருக்கு நன்றி. மற்றப் பக்கத்திலயும் புரி இருக்கு, ரெண்டு படிதான்! இவ்வளவு நாளும் அழுக்குக்கு மேல ஒரு ரப்பர் மூடி கிடந்தது, ஹப்பின்ர மூடி எண்டு நினைச்சிட்டன். செயின் நீளம் காணுமோ?

சந்திக்கடை:

ஒரு பல்லுக்கு அச்சு மூண்டு மில்லிமீற்றர் சொச்சம் முன்னுக்கு வரும். மூண்டு பல்லுக்கு ஒரு சென்ரிமீற்றர் எண்டு வைச்சுக்கொள்ளும். 16இல அச்சு பிறேமின்ர வெட்டுக்குள்ள பின் நுனிக்குக் கிட்ட நிக்குதெண்டா பிரச்சினை இல்லை. முன்னுக்கு நிக்குதெண்டா செயினில ஒரு இஞ்சி கூட்டவேணும், அது அச்சை அரை இஞ்சி பின்னுக்கு விடும். செயினைக் கம்பி மாதிரி இறுக்காதையும், நடுவில விரலால தட்டினா ஒரு சென்ரிமீற்றர் ஆடவேணும். 15ஆம் இலக்கச் சாவி ஒண்டை எப்பவும் கொண்டு திரியும்.

கொக்குவில் பெடியன் (மூண்டு கிழமைக்குப் பிறகு):

19 பல்லு இஞ்ச கிடைக்கேல்லை, கொழும்பில இருந்து எடுப்பிச்சன். முழங்கால் பத்து நாளில ஆறிட்டுது. செயினில ஒரு இஞ்சி கூட்டவேண்டி வந்தது.

முதல் நாள் காலமையும் 19இலயே போனன். நீர்வேலி நேர் றோட்டில கால் மிசின் மாதிரி, சீற்றில துள்ளித் துள்ளிப் போனன். சீற்றைப் பதிச்சாப் பிறகு பரவாயில்லை. பின்னேரம் வல்லையில 15 செக்கனுக்கு 16 தரம் எண்ணினன், அப்ப 64. வேகம் பெரிசாக் கூடேல்லை, ஆனா எழும்பி நிக்காம வந்து சேர்ந்தன்.

இப்ப காலமை 16, பின்னேரம் வேலை முடியத் திருப்பி 19. நேற்று வேலைத்தலத்தில திருப்ப மறந்திட்டன். பாலத்துக்கு இந்தப் பக்கம் நிப்பாட்டிச் சில்லைக் கழட்டேக்க மோட்டச்சைக்கிளில வந்த ஐயா ஒராள் நிண்டு, "என்ன தம்பி, காத்துப் போட்டுதோ?" எண்டார். "இல்லை ஐயா, காத்து வந்திட்டுது" எண்டன். ஒரு மாதிரிப் பாத்திட்டுப் போட்டார்.

சந்திக்கடை:

திருப்பிப் பூட்டினாப் பிறகு 19இன்ர லொக் றிங்கை ஒருக்கா இறுக்கிப் பாத்தனீரோ? புதுப் பல்லு நாலைஞ்சு நாளில இன்னும் கொஞ்சம் உள்ளுக்குப் போய் இருக்கும், அப்ப றிங் லூசா நிக்கும். வாற சனிக்கிழமை கடைக்குக் கொண்டு வாரும்.