ரத்தக்கசிவு நின்றுவிட்டது, பிறகு ஏன் உணவுக்குழாயை அகற்ற வேண்டும்?

மலர்விழி:
அப்பாவுக்கு வயது 64. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனி நெஞ்சுப் பகுதியில் வீங்கியிருந்ததால், முன்பு அதற்குள் ஸ்டென்ட் கிராஃப்ட் (துணி போர்த்திய கம்பிவலைக் குழாய்) வைத்தார்கள். சென்ற வாரம் சிறிது ரத்த வாந்தி எடுத்தார். தானாகவே நின்றது. மறுநாள் பேசின் நிறைய ரத்தம். சி.டி. ஆஞ்சியோவில், மகாதமனிக்கும் உணவுக்குழாய்க்கும் இடையே துளை விழுந்திருப்பது தெரிந்து, அவசரமாக உள்ளேயே இன்னொரு ஸ்டென்ட் வைத்துக் காப்பாற்றினார்கள். இப்போது எழுந்து உட்கார்ந்து பேசுகிறார். ஆனால் மார்பைத் திறந்து மகாதமனியை மாற்றி, உணவுக்குழாயையும் எடுக்க வேண்டும் என்கிறார்கள். ஆன்டிபயாடிக் மட்டும் போதாதா?

நெஞ்சறை மருத்துவர்:
அம்மா, நான் இதய, நெஞ்சறை அறுவை சிகிச்சை நிபுணர். அப்பாவின் மருத்துவர்கள் சொல்வது சரி என்றே எனக்குப் படுகிறது.

நெஞ்சுவலி, முதலில் கொஞ்சம் ரத்தம், ஓர் இடைவெளி, பிறகு பெருவெள்ளம்: இந்த வரிசையை 1914இலேயே கியாரி என்ற நோயியல் மருத்துவர் விவரித்திருக்கிறார். அந்த இடைவெளியில் பிடிபடுகிறவர்களைத்தான் காப்பாற்ற முடிகிறது. அவசர ஸ்டென்ட் உயிரைப் பிடித்து நிறுத்தியது உண்மை. ஆனால் அது ரத்தக்குழாய்ப் பக்கத்தை மட்டுமே அடைத்திருக்கிறது. உணவுக்குழாயின் துளை அப்படியே இருக்கிறது. அவர் விழுங்கும் ஒவ்வொரு வாய் எச்சிலும், அதிலுள்ள பாக்டீரியாவும் கேண்டிடா பூஞ்சையும் அந்தத் துளை வழியே ஸ்டென்ட்டின் துணியை நனைத்துக்கொண்டிருக்கும். துணியில் படிந்த கிருமியை எந்த ஆன்டிபயாடிக்காலும் முழுதாக அகற்ற முடியாது. காய்ச்சல் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள்.

மீன் முள் குத்தி, உடனே கண்டுபிடித்த சிறு துளையென்றால் சில நேரம் உணவுக்குழாயைத் தைத்தே காப்பாற்றிவிடலாம். தொற்றேறிய ஸ்டென்ட் பக்கத்தில் இருக்கும்போது அந்தத் தையல் பெரும்பாலும் பிரிந்துவிடும். அதனால்தான் எடுத்துவிடுகிறோம்.

இடது விலா எலும்புகளுக்கு இடையே திறந்து, பழைய ஸ்டென்ட்களையும் அழுகிய மகாதமனிப் பகுதியையும் அகற்றி, கொடையாளரின் உறைய வைத்த மகாதமனியையோ ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாடிக்கில் ஊறவைத்த கிராஃப்டையோ (செயற்கைக் குழாய்) தைப்போம். வயிற்றிலிருந்து ஒமென்டம் என்ற கொழுப்புத் திரையை மேலே இழுத்து அதைச் சுற்றி மூடுவோம். ரத்த ஓட்டமுள்ள அந்தத் திசு தொற்றை எதிர்த்து நிற்கும். எச்சில் வெளியேறக் கழுத்தில் ஒரு திறப்பு, உணவுக்குச் சிறுகுடலில் ஒரு டியூப். தொற்று அடங்கிச் சில மாதங்கள் கழித்து இரைப்பையையோ பெருங்குடலையோ மேலே இழுத்துப் புதிய பாதை அமைக்கலாம்.

உயிராபத்து அதிகம், மறைக்க மாட்டேன். தண்டுவடத்துக்குப் போகும் தமனிகள் அங்கிருந்தே கிளைப்பதால் கால்கள் செயலிழக்கும் அபாயமும் உண்டு. உடல் தாங்காதவர்களுக்கு மட்டும், ஸ்டென்ட்டோடு ஆயுள் முழுக்க மருந்து என்று விடுவதுண்டு. அப்பா எழுந்து உட்காரும் நிலையில் இருக்கிறார். அந்தத் தெம்பை வீணாக்க வேண்டாம்.

கண்ணம்மா:
என் கணவருக்கு இதே அறுவை சிகிச்சை நடந்தது. கழுத்துத் திறப்பில் ஒட்டிய பையில் எச்சில் நிறைந்துகொண்டே இருக்கும். சுற்றியுள்ள தோல் வெந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டியூபில் உணவு செலுத்தும் ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் வெதுவெதுப்பான நீர் விடுங்கள். மாத்திரைத்தூள் சரியாகக் கரையாவிட்டால் அடைத்துக்கொள்ளும். மருத்துவர் அனுமதித்த பிறகு, ருசிக்காகக் கொஞ்சம் மென்று விழுங்குவார், அது கழுத்துப் பைக்கு வந்துவிடும். அந்த ருசி அவருக்கு எவ்வளவு தெம்பு கொடுத்தது என்று சொல்லி மாளாது.

மலர்விழி:
நன்றி அக்கா, நன்றி ஐயா. கொடையாளர் மகாதமனி உடனே கிடைக்காதாம். கிடைக்கும்வரை காத்திருக்கலாமா?

நெஞ்சறை மருத்துவர்:
அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். ரிஃபாம்பிசின் கிராஃப்ட் இருக்கிறது. மாட்டின் இதய உறையைக் குழாயாகத் தைத்தும் பயன்படுத்துகிறோம். தண்டுவடத்தைக் காக்க என்ன ஏற்பாடு, பூஞ்சை மருந்தும் தொடங்கியாயிற்றா என்ற இரண்டையும் நாளைக் காலை ரவுண்ட்ஸ் வரும்போது கேட்டுவிடுங்கள். அதுவரை வாய்வழியாகத் தண்ணீர்கூட வேண்டாம்.