சி-பேனலில் எஸ்.எஸ்.எல்.: கீ பொருந்தவில்லை என்று அடம்பிடிக்கிறது

சுங்குடிக்கடை:
வணக்கம். சின்னாளப்பட்டியில் எங்கள் சேலைக் கடைக்கு ஒரு சிறிய இணையதளம் வைத்திருக்கிறோம். தளத்தின் பாதுகாப்பான இணைப்புக்கான பழைய எஸ்.எஸ்.எல். சான்றிதழ் காலாவதியானதிலிருந்து, தளத்தைத் திறந்தாலே 'பாதுகாப்பற்றது' என்று பிரவுசர் மிரட்டுகிறது. சேலையைத் தேர்ந்தெடுத்தவர்கள் பணம் கட்டும் இடத்தில் திரும்பிப் போய்விடுகிறார்கள். காசு கொடுத்துப் புதுச் சான்றிதழ் வாங்கினோம். ஜிப் கோப்பில் சான்றிதழும் பண்டிலும் (துணைச் சான்றிதழ்களின் தொகுப்பு) வந்தன, பிரைவேட் கீ (ரகசியச் சாவி) வரவில்லை. ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பலகையான சி-பேனலில் இருந்த கீயை எடுத்து ஒட்டினால், சான்றிதழோடு பொருந்தவில்லை என்கிறது. ஹோஸ்டிங் உதவிப் பிரிவிலோ, "கீயை மின்னஞ்சலில் அனுப்புங்கள், நாங்களே போட்டுத் தருகிறோம்" என்கிறார்கள். அனுப்பலாமா?

வழிப்போக்கன்:
கோப்பை நோட்பேடில் திறந்து, 'பிகின்', 'எண்ட்' வரிகளின் இருபுறமும் உள்ள ஐந்து கோடுகளோடு சேர்த்து ஒட்டினீர்களா? ஒரு கோடு விட்டுப்போனாலும் ஏற்காது.

மதுரை நிர்வாகி:
அனுப்பாதீர்கள். உதவிப் பிரிவு கேட்டாலும் சரி, அவர்களுடைய முதலாளியே கேட்டாலும் சரி. அந்தக் கீ வைத்திருப்பவர் உங்கள் தளம் நான்தான் என்று வேடம் போடலாம். உங்கள் கணக்கு இருக்கும் சர்வரே அவர்களுடையது. மின்னஞ்சலில் எதற்கு வேண்டுமாம்?

ஜிப்பில் கீ இல்லாதது குறையல்ல, அதுதான் முறை. சி.எஸ்.ஆர். (சான்றிதழ் கேட்கும் விண்ணப்பக் கோப்பு) உருவாக்கும்போதே கீ உங்கள் சர்வரில் பிறந்துவிடுகிறது. சான்றிதழ் வழங்குபவருக்கு சி.எஸ்.ஆர். மட்டும்தான் போகும், கீயை அவர் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. கோடு விட்டுப்போயிருந்தால் பிழைச்செய்தி வேறு மாதிரி வரும். 'பொருந்தவில்லை' என்றால் பூட்டு ஒன்று, சாவி வேறொன்று. யாரோ இரண்டாவது சி.எஸ்.ஆர். உருவாக்கி, அதோடு புதுக் கீயும் பிறந்திருக்க வேண்டும்.

'எஸ்.எஸ்.எல்./டி.எல்.எஸ்.' பக்கத்தில் 'பிரைவேட் கீஸ்' பட்டியலைப் பாருங்கள். ஒன்றுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்க்க வேண்டாம். 'மேனேஜ் எஸ்.எஸ்.எல். சைட்ஸ்' போய், சான்றிதழை மட்டும் ஒட்டிவிட்டு 'ஆட்டோஃபில் பை சர்ட்டிஃபிகேட்' பொத்தானை அழுத்துங்கள். பொருந்தும் கீ சர்வரில் இருந்தால் அதுவே கொண்டுவந்து நிரப்பும். காலியாகவே நின்றால் அந்தக் கீ சர்வரில் இல்லை என்று பொருள், புது சி.எஸ்.ஆர். கொடுத்து மறுவெளியீடு கேளுங்கள். பெரும்பாலும் அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

சுங்குடிக்கடை:
நிரப்பிவிட்டது! தம்பி மகன் இன்னொரு சி.எஸ்.ஆர். உருவாக்கியிருந்தானாம். இப்போது முகப்பில் எச்சரிக்கை இல்லை. சேலைப் படங்கள் உள்ள பக்கத்தில் மட்டும் முழுப் பாதுகாப்பு இல்லை என்கிறது. இன்னொன்று: அடுத்த ஆண்டும் இதே பாடு பட வேண்டுமா?

மதுரை நிர்வாகி:
படங்களின் முகவரி இன்னும் 'எச்.டி.டி.பி.' என்றே தொடங்குகிறது. 'எஸ்' சேர்த்து மாற்றுங்கள். சான்றிதழுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

அடுத்த ஆண்டுக் கேள்விக்குக் கசப்பான பதில்: ஆண்டுக்கு ஒருமுறை என்பதே போய்விடும். சான்றிதழின் உச்ச ஆயுள் 398 நாள் என்றிருந்ததை, 2026 மார்ச் 15 முதல் 200, 2027-இல் 100, 2029-இல் 47 நாள் என்று குறைக்க, சான்றிதழ் வழங்குவோரும் பிரவுசர் நிறுவனங்களும் 2025-இல் முடிவெடுத்தார்கள். 47 நாளுக்கு ஒருமுறை கையால் ஒட்டிக்கொண்டிருந்தால் சேலையை யார் விற்பது?

சி-பேனலே சான்றிதழ் வாங்கிப் போடும் ஆட்டோ எஸ்.எஸ்.எல். வசதி இருக்கிறதா என்று ஹோஸ்டிங்காரரிடம் கேளுங்கள். இலவசம்; அதுவே புதுப்பித்துக்கொள்ளும். குறியாக்கத்தின் வலிமையில் காசு கொடுத்து வாங்கியதற்கும் இதற்கும் வித்தியாசம் கிடையாது. உங்கள் அளவுக் கடைக்குக் காசு கொடுப்பது வீண் என்பது என் கருத்து. ஆனால் கையால் போட்ட சான்றிதழை அது தானாக மாற்ற, சர்வர் நிர்வாகி அனுமதித்திருக்க வேண்டும். அதையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.

வழிப்போக்கன்:
ஆட்டோ எஸ்.எஸ்.எல். எனக்குப் பலமுறை தோற்றது. சரிபார்ப்பு முடியவில்லை என்றே வந்துகொண்டிருந்தது.

மதுரை நிர்வாகி:
டி.என்.எஸ்.ஸில் (தளத்தின் பெயரை சர்வரின் முகவரியோடு இணைக்கும் பதிவேடு) நான்கு 'ஏ' கொண்ட பதிவு, அதாவது புது வகை முகவரியான ஐ.பி.வி.6-க்கான பதிவு, பழைய சர்வரையே காட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஹோஸ்டிங் மாறும்போது எல்லோரும் பழைய வகை முகவரிக்கான (ஐ.பி.வி.4) 'ஏ' பதிவை மாற்றுவார்கள், இதை விட்டுவிடுவார்கள். தளம் உங்களுடையதா என்று சரிபார்க்க வருபவர் அந்த வழியாகப் பழைய வீட்டுக்குப் போய்விடுவார். தேவையில்லை என்றால் நீக்கிவிட்டு, டி.என்.எஸ். பரவியபின் 'ரன் ஆட்டோ எஸ்.எஸ்.எல்.' அழுத்துங்கள். பிறகும் தோற்றால் பிழைச்செய்தியை அப்படியே இங்கே போடுங்கள். கீயை அல்ல.