பராமரிப்பாளருக்கு டிக்கெட் கவுண்டரில் இடமில்லை: அமெரிக்கத் தீம் பார்க் அனுபவம்

என் தம்பி அமெரிக்க ராணுவத்தில் இருந்தவன். ஆப்கானிஸ்தானில் குண்டு வெடித்துத் தலையில் அடி. பார்த்தால் எதுவும் தெரியாது. ஆனால் கூட்டமும் திடீர்ச் சத்தமும் அவனுக்கு ஆகவே ஆகாது. முன்னாள் ராணுவ வீரர்களைக் கவனிக்கும் அமெரிக்க அரசுத் துறையான விஏ-வின் குடும்பப் பராமரிப்பாளர் திட்டத்தில் அவனுக்குப் பொறுப்பு நான்தான்.

தீம் பார்க் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். டிக்கெட் சலுகை வேறு, நீண்ட வரிசையில் நிற்காமல் இருக்கத் தரும் வரிசைச் சலுகை வேறு. ஒன்று கிடைத்தால் இன்னொன்றும் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

நாங்கள் போன ஒரு பார்க்கில் தம்பியின் விஏ கார்டை வாங்கிப் பார்த்தார்கள். போட்டோவுக்குக் கீழே ‘சர்வீஸ் கனெக்டட்’, அதாவது பணியால் வந்த பாதிப்பு, என்று இருக்கும். அதைப் பார்த்ததும் அவனுக்குக் கட்டணத்தைக் குறைத்துவிட்டார்கள். அடுத்து நான்.

“மனைவியா?”

“இல்லை, அக்கா.”

“அப்படியென்றால் முழுக் கட்டணம்தான்.”

நான்தான் பராமரிப்பாளர் என்று விஏ கொடுத்த கடிதத்தை நீட்டினேன். கவுண்டரில் இருந்த பெண் முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, “இதில் உங்கள் போட்டோ இல்லையே” என்றாள். பாவம், திரையைத் திருப்பியே காட்டினாள்: மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், அவ்வளவுதான். நான் இல்லாமல் அவன் உள்ளே கால் வைக்க முடியாது என்பதற்கு அதில் கட்டமே இல்லை. சட்டம் பேசியும் பயனில்லை. ஊனமுற்றோர் உரிமைக்கான ஏடிஏ சட்டம் ஊனத்துக்காகக் கூடுதல் கட்டணம் வாங்காதே என்கிறதே தவிர, துணைக்கு வருபவரைச் சும்மா விடு என்று சொல்லவில்லை.

அந்தக் கடிதம் செல்லுபடியாகும் இடம் வேறு. 2018-ல் வந்த சட்டப்படி, 2020 ஜனவரி 1 முதல், பணியால் பாதிக்கப்பட்ட முன்னாள் வீரர்களும் விஏ திட்டத்தில் பதிவான முதன்மைப் பராமரிப்பாளர்களும் ராணுவ முகாம்களில் எம்டபிள்யூஆர் எனப்படும் பொழுதுபோக்கு, நல வசதிகளில் சிலவற்றைப் பயன்படுத்தலாம். பல முகாம்களில் அதன் கீழேயே டிக்கெட் ஆபீஸ் ஒன்று இருக்கும். பெரிய பார்க்குகளின் டிக்கெட் அங்கே குறைந்த விலைக்குக் கிடைக்கும். கடிதத்தோடு போட்டோ உள்ள அடையாள அட்டையையும் கொண்டுபோங்கள். சில டிக்கெட்டுகளுக்குப் பார்க்கே தனி விதி வைத்திருக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வரிசை விஷயம் இன்னும் தலைவலி. வீல்சேர் இருந்தால் கேள்வி குறைவு. தம்பியைப் போன்றவர்களைப் பார்த்தால் ‘நன்றாகத்தானே இருக்கிறார்’ என்ற பார்வைதான் முதலில் வரும். வழக்கமான வரிசையில் காத்திருக்க முடியாதவர்களுக்கான தன் டிஏஎஸ் வசதியை டிஸ்னி 2024-ல் ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களை மனதில் வைத்துச் சுருக்கிவிட்டது. சிக்ஸ் ஃப்ளாக்ஸ் போன்ற இடங்களுக்கு ஐபிசிசிஇஎஸ் என்ற அமைப்பு ஊனமுள்ளவர்களுக்குத் தரும் கார்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிட வேண்டும். வாசலில் போய் நின்று கேட்டால் நடக்காது.

தேசியப் பூங்காக்களில் இந்தத் தொல்லையே கிடையாது. நிரந்தர ஊனம் உள்ளவர்களுக்கு தரும் அக்சஸ் பாஸ் என்ற நுழைவு அட்டை ஆயுள் முழுக்கச் செல்லும். வண்டிக்குக் கட்டணம் வாங்கும் இடத்தில் வண்டியில் இருக்கும் எல்லோரும் போகலாம். ஆளுக்குக் கட்டணம் என்றால் அவரோடு இன்னும் 3 பெரியவர்கள். அக்காவா மனைவியா என்று யாரும் கேட்பதில்லை. மலையும் மரமும் ரோலர் கோஸ்டர் ஆகுமா என்று என் பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், அது தனிக் கதை.