மறுமொழி: ‘சேவைமயமாதல்’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

> ‘சர்விசிஃபிகேஷன்’ என்பதற்கு ‘சேவைமயமாதல்’ போதாதா?

போதாது என்றே நினைக்கிறேன். ஆலையில் செய்யும் பொருளுக்குள்ளும் அதன் விற்பனையிலும் சேவைகளின் பங்கு கூடிக்கொண்டே போவதைத்தான் ‘சர்விசிஃபிகேஷன்’ என்கிறார்கள். தனியார்மயம் என்றால் அரசு கைகழுவிவிட்டது என்று புரிந்துகொள்கிறோம். அந்தக் கணக்கில் ‘உற்பத்தி சேவைமயமானது’ என்றால், ஆலையை மூடிவிட்டார்கள் போல என்றுதான் படிப்பவர் நினைப்பார். ஆலை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

ஏற்றுமதியாகும் ஓர் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். வரைபடம், மென்பொருள், தரச்சோதனை, காப்பீடு, வங்கி உத்தரவாதம் எல்லாம் அதன் விலைக்குள் அடக்கம். சுங்கத் தாளிலோ பெட்டிக்கு ஒரே குறியீட்டு எண். அதனால்தான் உலக ஏற்றுமதியில் சேவையின் பங்கு மொத்த மதிப்பில் கால்வாசி போலவும், கூட்டுமதிப்பில், அதாவது விலைக்குள் எந்தத் துறை எவ்வளவு சேர்த்தது என்று பிரித்துப் பார்த்தால், ஏறக்குறைய பாதியாகவும் தெரிகிறது. வங்கியும் துறைமுகமும் இழுத்தடித்தால், கடைசல் எவ்வளவு துல்லியமாக இருந்தும் அந்த இயந்திரம் விலையில் தோற்கும்.

என் பரிந்துரை: சேவைச்செறிவு. உழைப்புச்செறிவு, மூலதனச்செறிவு ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளன, வரிசையில் உட்கார்ந்துவிடும். ‘ஏற்றுமதியின் சேவைச்செறிவு கூடியிருக்கிறது’ என்று எழுதிப் பாருங்கள், நாக்கில் இடறவில்லை. நிகழ்வைக் குறிக்க ‘செறிவடைதல்’. இன்னொருவர் சொன்ன ‘சேவையேற்றம்’ அழகுதான். ஆனால் விலையேற்றத்தின் தம்பி போல ஒலிக்கிறது! ‘பணிச்செறிவு’ என்றால் வேலைப்பளு என்று படிப்பார்கள்.

அப்புறம், இரண்டு கிளைச்சொற்களும் தேவை. பொருளுக்குள் கரைந்துபோனது பொதிசேவை. பொருளோடு சேர்த்து விற்பது உடன்சேவை. வீண் நுணுக்கம் அல்ல, காசு சம்பந்தப்பட்டது. உலக வணிக அமைப்பின் சுங்க மதிப்பீட்டு விதிப்படி, இறக்குமதிக்குப் பிறகு இயந்திரத்தை நிறுவித் தருவது போன்ற உடன்சேவையின் கட்டணத்தைப் பிரித்துக் காட்டினால் அது சுங்க மதிப்பில் சேராது. வாங்குபவர் வெளிநாட்டில் வரையச் செய்து இலவசமாகக் கொடுத்த வடிவமைப்போ சேரும்.

‘சர்விடைசேஷன்’ வேறு, இதோடு குழப்ப வேண்டாம். 1988-இல் வாண்டர்மெர்வே, ராடா என்ற மேலாண்மை அறிஞர்கள் முன்வைத்த சொல் அது: நிறுவனம் தன் பொருளோடு சேவையையும் சேர்த்து விற்கத் தொடங்குவது. வழக்கம் அதற்கும் மூத்தது. 1962-லேயே பிரிஸ்டல் சிட்லி என்ற பிரிட்டிஷ் எஞ்சின் நிறுவனம் வைப்பர் விமான எஞ்சினின் பராமரிப்புக்குப் பறக்கும் மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கியது. இதற்கு வேண்டுமானால் ‘சேவையாக்கம்’ என்று வைக்கலாம், அரைமனதாகத்தான் சொல்கிறேன். இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருக்கிறதா?