கொலஸ்ட்ரால் ரொம்பக் குறைந்தாலும் ஆபத்தா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

என் அண்ணனுக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 104 என்று ரிப்போர்ட் வந்தது. மாத்திரை எதுவும் சாப்பிடாதவர். அண்ணி உட்பட எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். டாக்டர் மட்டும் பழைய ரிப்போர்ட்டைக் கேட்டார். அதில் 190. “இவ்வளவு தானாக இறங்காதே” என்று கையை நீட்டச் சொல்லி, விரித்த விரல்கள் மேல் ஒரு தாளை வைத்தார். தாள் படபடவென்று ஆடியது. எடை குறைந்திருந்ததையும், எந்நேரமும் வியர்த்ததையும் அப்புறம்தான் அண்ணன் சொன்னார். தைராய்டு அதிகமாகச் சுரந்தால், கல்லீரல் ரத்தத்திலிருக்கும் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ராலை வேகமாக இழுத்துக்கொள்ளுமாம். ரத்தப் பரிசோதனையில் அதுவேதான். தைராய்டுக்கு மருந்து ஆரம்பித்த பிறகு கொலஸ்ட்ரால் பழையபடி ஏறியது. (அண்ணி இப்போது அதற்குக் கவலைப்படுகிறார்.)

பதில்:
என் கதை நேர் எதிர். மாரடைப்புக்குப் பிறகு கொலஸ்ட்ராலைக் குறைக்க ஸ்டாட்டின், எசெட்டிமைப் என்ற இரண்டு மாத்திரைகள் சாப்பிடுகிறேன். எல்டிஎல் 34. மறதி வந்துவிடுமோ என்று பயந்து கேட்டேன். மூளை தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே தயாரித்துக்கொள்கிறது, ரத்தத்தில் ஓடுவதை நம்பி இல்லை என்றார் டாக்டர். 2017இல் வெளியான ஃபூரியர் என்ற ஆய்வில், ஊசி மருந்தால் எல்டிஎல் 30 வரை இறங்கியவர்களுக்கும் ஞாபகசக்தி குறையவில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் டாக்டர் கறாராக இருக்கிறார்: ரத்த அழுத்தம். எல்டிஎல் மிகக் குறைந்தவர்களிடம் மூளை ரத்தக்கசிவு சற்று அதிகம் என்று சில ஆய்வுகள் சொல்வதால், அழுத்தம் ஏறவே கூடாதாம்.

பதில்:
எங்களுக்கு இது பரம்பரை. அப்பாவுக்கும் எனக்கும் எல்டிஎல் 40ஐத் தாண்டியதே இல்லை. இதயத்துக்கு நல்லதுதான். ஆனால் ஒல்லியான, மது தொடாத எனக்கு ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல்! கொழுப்பைக் கல்லீரலிலிருந்து வெளியே ஏற்றிச் செல்லும் அபோபி புரதம் எங்கள் உடம்பில் குறைவாக உருவாகிறது. கொழுப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. அதனால் அவ்வப்போது கல்லீரலையும் வைட்டமின் ஈ அளவையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

பதில் (முதலில் எழுதியவர்):
ஸ்டாட்டினை நிறுத்திவிடலாமா என்று தனிச்செய்தியில் கேட்டவருக்கு: எண்ணைப் பார்த்து நீங்களாக நிறுத்தாதீர்கள். உங்களுக்கு இறக்கியது மருந்து. அண்ணனுக்கு இறக்கியது நோய். மருந்தே இல்லாமல் இறங்கி, எடையும் குறைந்தால் தைராய்டு, கல்லீரல், குடல் மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பழைய ரிப்போர்ட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள்.